பெரியராணிக்கு வாய் அசையாது

ஜனவரி 6, திங்கள்

இன்று காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் பதினொரு தடவை அரசன் காலில் விழுந்தேன். உடம்பு விழவில்லை, குரல் மட்டும். கொரியாக்காரர்களின் அரண்மனைத் தொடர் ஒன்று தமிழ் பேசப்போகிறது. அதில் நாற்பது பணிப்பெண்கள் வரிசையாக மண்டியிட்டு, "திருவுளம் இரங்க வேண்டும், மகாராஜா" என்று கெஞ்சுகிறார்கள். நாற்பது பேருக்கும் சேர்த்து நாங்கள் ஆறு பெண்கள். ஆளுக்கு ஏறக்குறைய ஆறேமுக்கால் பணிப்பெண் வருகிறது. அந்த முக்கால் பெண்ணுக்கு விசும்பல் மட்டும் கொடுத்தேன்.

அரசன் இரங்கவில்லை. முதல் நாளே இரங்கிவிட்டால் பதினாறு பாகம் எப்படி ஓடும்?

கதை எளிது. அரசனுக்குக் கன்னத்தில் குழி விழுகிறது. அரண்மனைச் சாயப்பட்டறையில் துணிக்கு நீலம் ஏற்றும் பெண் ஒருத்தி அந்தக் குழியைப் பார்த்தாள், அதிலேயே விழுந்துவிட்டாள். அரசனைப் பெற்ற பெரியராணி கூடவே கூடாது என்கிறாள். இவர்களுடைய நிஜப் பெயர்கள் என் நாக்கில் நிற்க மாட்டேன் என்கின்றன. அதனால் அரசனுக்குக் கன்னக்குழி, அந்தப் பெண்ணுக்குச் சாயக்காரி, பெரியராணியின் பின்னாலேயே குனிந்து நடக்கும் ஏவலாளுக்குப் பானைத்தொப்பி என்று பெயர் வைத்துவிட்டேன். ஸ்டுடியோவில் இப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பானைத்தொப்பிக்குக் குரல் கொடுப்பவர் தணிகாசலம் சார். ஆள் ஆறடி. குரல் சிட்டுக்குருவி. முப்பது வருடமாகப் பயந்தவர்களுக்கும் பணிந்தவர்களுக்கும் மட்டுமே பேசியவர்.

நான் பதினெட்டு வருடமாகக் கூட்டக்குரல். சந்தையில் மீன் விற்பவள், ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுபவள், கல்யாண வீட்டில் குறை சொல்பவள், வெள்ளத்தில் கத்துபவள் எல்லாம் நான்தான். கூட்டத்தில் கத்துகிறவர்களின் பெயரைத் திரையில் போடமாட்டார்கள். போட்டால் அதற்கே ஒரு பாகம் வேண்டும்.

இந்த டைரி மருந்துக்கடையில் சும்மா கொடுத்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். தினமும் எழுதினால் வாசிப்பு கைவரும் என்று தணிகாசலம் சார் சொன்னார். அவர் சொன்னதற்காக எழுதவில்லை. டைரி வீணாகப் போகக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஜனவரி 8, புதன்

மோர்க்குழம்பு திரிந்துவிட்டது. அரண்மனையில் இன்று ஒருவருக்கு விஷம் வைத்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ஜனவரி 9, வியாழன்

பெரியராணிக்குப் பேச வைத்திருந்த அம்மாவுக்குத் தொண்டையில் முடிச்சாம். இரண்டு மாதம் வாயே திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேசிப் பிழைக்கிறவருக்கு இது எப்படிப்பட்ட தண்டனை. ஃபோனில் அவர் வெறும் மூச்சாகவே அழுதாராம்.

இடைவேளையில் நான் கொண்டுபோன முறுக்கை ஒலிப்பதிவு செய்யும் ஜோயல் கேட்காமலே எடுத்துவிட்டான். உடனே நான் பெரியராணி மாதிரி மூக்கால் மூச்சுவிட்டு, "என் முறுக்கின் மீது கை வைத்தவனைச் சாயத்தொட்டியில் இறக்குங்கள்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மைக்கை அணைக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் நடத்தும் சுபத்ரா மேடம் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

நாளைக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லியிருக்கிறார். முறுக்கு கொண்டுவர வேண்டாம் என்றும் சொன்னார்.

ஜனவரி 10, வெள்ளி

மாதிரிக்கு ஒரு காட்சி பேசவைத்தார். சுபத்ரா மேடம் வாயால் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். அதை மும்பையில் இருக்கும் தயாரிப்புக்காரர்களுக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் சரி என்று பதில் வந்துவிட்டது.

பெரியராணி நான்தான். பதினாறு பாகமும். கடைசியில் பெயர் போடுவார்கள். கூட்டத்தில் ஒருத்தியாக இல்லை, தனியாக, ஒரு வரியில்.

கிளம்பும்போது மேடம் கேட்டார். "அக்கா, முழுசா பேசும்போது நான் சொல்லித்தர முடியாது. படத்துக்குக் கீழே வசனம் ஓடும், பாத்து படிக்கணும். படிக்க வரும்ல?"

"வரும் மேடம்" என்றேன்.

முதல் நான்கு பாகம் இருபத்துநாலாம் தேதிக்குள் முடிந்தாக வேண்டும். இல்லையென்றால் வேறு ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று சுபத்ரா மேடம் மென்மையாகத்தான் சொன்னார். மென்மையாகச் சொன்னால்தான் எனக்குப் பயம்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

தணிகாசலம் சார் கரும்போடு வந்தார். தெருவில் எல்லோர் வீட்டிலும் கரும்பு இருக்கிறது. ஆறடி மனிதர் எட்டடிக் கரும்பைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியிருக்கிறார். "கரும்பு உங்களைத் தூக்கிட்டு வந்துச்சா, நீங்க கரும்பைத் தூக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன். மின்விசிறிக்கு அடியில் போய் நின்றுகொண்டார்.

அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். டைரியில் எழுதும்போது எழுத்து எனக்காகக் காத்திருக்கிறது. திரையில் அது பஸ் மாதிரி கிளம்பிவிடுகிறது. நான் படியில் கால் வைப்பதற்குள் அடுத்த ஸ்டாப் போய்விடுகிறது.

அவர் கரும்பைச் சுவரில் சாய்த்தார். பிறகு, பெரியராணியின் வசனம் முழுவதையும் தானே வாசித்து என் ஃபோனில் பதிவு செய்து தருவதாகவும், கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டால் திரையைப் பார்க்கவே வேண்டாம் என்றும் சொன்னார். நான்கு பாகத்துக்கு முப்பத்தொரு வசனம். பொங்கல் ஆறும்வரை வாசித்தார். நெய் அதிகம் என்றார். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

ஜனவரி 17, வெள்ளி

துணி துவைக்கும்போது அரசாட்சி. வெங்காயம் நறுக்கும்போது அரசாட்சி. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நிற்பது தெரியாமல், "முத்திரையை வைத்துவிட்டு வெளியேறு, இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிலிண்டரை வைத்துவிட்டு வெளியேறினார். நல்ல பிள்ளை, எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

முப்பத்தொன்றும் மனதில் ஏறிவிட்டன. தூக்கத்திலும் சொல்கிறேன் என்று நினைக்கிறேன். கேட்க ஆளில்லை. வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்ப் பதினாலு வருடம் ஆகிறது. அங்கே அவருக்கு இன்னொரு வீடு உண்டு, எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விவாகரத்துப் பத்திரமும் உண்டு. பத்திரம் என்னிடம் இருக்கிறது. வீடு அவரிடம் இருக்கிறது. நியாயமான பங்கு.

ஜனவரி 20, திங்கள்

முதல் பாகம் பேசினேன். ஒரு வசனம்கூடத் தடுமாறவில்லை. திரைக்குக் கீழே வரிகள் ஓடின, நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஜோயல் கட்டைவிரலை உயர்த்துவான் என்று பார்த்தேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுபத்ரா மேடம், பெரியராணியும் பானைத்தொப்பியும் பேசிக்கொள்ளும் காட்சியைப் போட்டுக் காட்டினார்.

கேட்டேன். எனக்கே புரிந்தது. அரண்மனையில் இரண்டு பானைத்தொப்பிகள். ஒன்று ஆண், ஒன்று பெண். தணிகாசலம் சார் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் குரலை இறக்கி, ஒரு சின்ன வணக்கம் வைத்து முடிப்பார். முப்பது வருடப் பழக்கம். அதே இறக்கம், அதே வணக்கம் என் வாயில். பெரியராணி தன் வேலைக்காரனுக்குப் பணிந்து பணிந்து கட்டளை இடுகிறாள். "இவனைச் சிறையில் அடையுங்கள்" என்பது, "முடிந்தால் அடைக்கலாமா" என்பது போல இருந்தது.

"ராணி ஏன்கா இவர மாதிரியே பேசறாங்க?" என்றார் மேடம்.

தணிகாசலம் சார் சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்பைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"படிக்க வரும்னு சொன்னீங்களே."

"வரும் மேடம். எழுத்து நின்னா வரும். ஓடினா வராது."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது கேலி பேசி ஈடுகட்டியிருப்பேன். வெள்ளிக்கிழமை ஒரு தடவை முயற்சி செய்து பார்ப்போம், சனிக்கிழமைக்கு வேறொரு அம்மாவிடம் தேதி கேட்டிருக்கிறேன் என்றார். அந்த அம்மா நன்றாகப் பேசுவார். நானே அவருடைய ரசிகை.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று எழுத ஒன்றுமில்லை. பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையும் தேய்த்தேன்.

ஜனவரி 22, புதன்

தணிகாசலம் சார் வந்தார். இந்தத் தடவை ராணி மாதிரியே கம்பீரமாக வாசித்துத் தருகிறேன் என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு வரி வாசித்தும் காட்டினார். சிட்டுக்குருவி மீசை வைத்துக்கொண்டது போல இருந்தது. சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்கக் கோபப்பட்டேன்.

"இனிமே வாசிக்காதீங்க சார். உங்க குரல் என் காதுக்குள்ள வந்து உக்காந்துருக்கு, எழுந்துரிக்கவே மாட்டேங்குது."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, குடையை விட்டுவிட்டேன் என்றார். அவர் குடை கொண்டுவரவில்லை. மழையும் இல்லை. ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு, ஒத்திகைக்கு ஜோயல் அனுப்பியிருந்த காட்சிகளை ஃபோனில் போட்டு, சத்தத்தை அணைத்துவிட்டுப் பெரியராணியை மட்டும் பார்த்தேன். வசனம் இல்லை, பாட்டு இல்லை, வெறும் அவள். நாலு தடவை பார்த்த பிறகுதான் உறைத்தது. அவளுக்கு வாய் அசைவதே இல்லை. கழுத்தும் திரும்புவதில்லை. யாரையாவது பார்க்க வேண்டும் என்றால் முழு உடம்பும் திரும்புகிறது. தலைமேல் பெரிய பின்னல் வளையம், அதில் குத்திய தங்க ஊசிகள். நாலைந்து கிலோ இருக்கும்.

அந்தக் கழுத்து எனக்குத் தெரிந்த கழுத்து. டப்பிங்குக்கு வருவதற்கு முன்னால் நான் சித்தாள். செங்கல் சுமந்தவள். ஒரு ஸ்டுடியோவுக்கு மாடி கட்டிக்கொண்டிருந்தபோது மேஸ்திரியை நான் திட்டிய திட்டு உள்ளே பாடல் பதிவுவரை கேட்டு, யார் அந்த அம்மா என்று கூப்பிட்டார்கள். அப்படித்தான் இந்தப் பிழைப்புக்கு வந்தேன். தலையில் பன்னிரண்டு கல் இருக்கும்போது யாருக்கும் தலையாட்ட முடியாது. குனிய முடியாது. கத்தினால் கல் விழும். மூச்சு அடிவயிற்றில் நிற்கும், வார்த்தை இரண்டு இரண்டாகத்தான் வரும். அப்போது ஒரு சித்தாள் பேசினால் மேஸ்திரியே ஒதுங்கி வழிவிடுவான்.

பெரியராணியும் சுமை தூக்குகிறவள்தான். அவள் கல் தங்கத்தில் இருக்கிறது, அவ்வளவு வித்தியாசம்.

ஜனவரி 24, வெள்ளி

விவரமாக எழுதுகிறேன். கை வலித்தாலும் பரவாயில்லை.

உள்ளே போனதும் மைக் தாங்கியின் காலில் அசையாமல் இருக்கப் போட்டிருந்த மணல் பையை எடுத்தேன். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டினேன். பையைத் தூக்கித் தலையில் வைத்தேன். ஹெட்போனை அதற்குக் கீழே சொருகிக்கொண்டேன். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மூன்றாவது ஆள் வசனம் எழுதும் இதயவேந்தன் அண்ணன். புனைபெயர் அதுதான். நிஜப் பெயர் எது என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்.

வசனம் ஓட வேண்டாம், கொரிய ஒலியை மட்டும் காதில் போடுங்கள், காட்சியில் என்ன சொல்கிறாள் என்று வாயால் சொல்லுங்கள், மூன்று தடவை பார்த்துவிட்டுப் பேசுகிறேன் என்றேன். மேடம் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தார். பிறகு ஜோயலிடம் தலையசைத்தார்.

பெரியராணி முதன்முதலாகச் சாயக்காரியை நேரில் பார்க்கும் இடம் அது. இதயவேந்தன் அண்ணன் எழுதியிருந்தது: "நீலக்கறை படிந்த நின் இழிந்த கரங்களால் மாமன்னனின் மாண்புறு அங்கியைத் தீண்டத் துணிந்தனையோ பேதையே." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திரையில் அந்த அம்மா உதட்டைத் திறப்பதே மூன்று முறை. இத்தனை வார்த்தையும் எந்த வழியாக வெளியே வரும்?

மூன்று தடவை பார்த்தேன். உதடு எங்கே ஒட்டுகிறது, எங்கே மூச்சு மட்டும் வருகிறது என்று பார்த்தேன். தலைமேல் மணல். கழுத்து தானாக நிமிர்ந்தது. நாலாவது தடவை பேசினேன்.

"கையைக் காட்டு."

சாயக்காரி திரையில் கையை நீட்டினாள். நகத்துக்குள் நீலம்.

"கழுவினால் போகுமா?"

சாயக்காரி தலைகுனிந்து இல்லை என்று ஆட்டினாள்.

"அப்படியானால் தொடாதே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் அசையவில்லை. இது பிடிக்காதபோது வரும் அமைதியா, பிடித்தபோது வரும் அமைதியா என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டக்குரலுக்கு இரண்டும் வந்ததில்லை.

முதலில் பேசியவர் இதயவேந்தன் அண்ணன். "இது நான் எழுதுன வசனமே இல்ல" என்றார்.

"கருத்து உங்களோடதுண்ணே. வாய் அந்தம்மாவோடது. நான் நடுவுல சும்மா நிக்கறேன்."

மேடம் அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டார். ஒட்டும் உதடு ஒட்டியது. திறக்கும் உதடு திறந்தது. கொரியாக்கார அம்மா பிறந்ததிலிருந்து தமிழ் பேசியது போல இருந்தது. இதயவேந்தன் அண்ணன் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு பேனாவைத் திறந்து தன் தாளில் இருந்த வரியைத் தானே அடித்தார். "போகுமாங்கற எடம் நல்லா இருக்கு" என்று தாளிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நிற்கவில்லை. அண்ணன் கருத்தைச் சொல்வார், நான் முகத்தைப் பார்ப்பேன், இரண்டு பேரும் வார்த்தைக்குப் பேரம் பேசுவோம். அவர் ஐந்து வார்த்தையில் ஆரம்பிப்பார், நான் இரண்டில் நிற்பேன், மூன்றில் முடியும். மாலை ஆறரைக்கு நான்காம் பாகம் முடிந்தது. மணல் பையை இறக்கியபோது தலை மேலே பறந்துவிடும் போல இருந்தது.

வெளியே வராந்தாவில் தணிகாசலம் சார் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாராம். இன்று அவருக்கு வேலையே இல்லை.

ஜனவரி 27, திங்கள்

மும்பையிலிருந்து பதில் வந்துவிட்டது. நான்கு பாகமும் சரி. இந்த அம்மா யார், இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று கேட்டார்களாம். இங்கேதான் இருந்தார், கூட்டத்தில் என்று சுபத்ரா மேடம் எழுதினாராம்.

சனிக்கிழமைக்குச் சொல்லி வைத்திருந்த அம்மாவே ஃபோன் செய்து வாழ்த்தினார். பெரிய மனசு. நான் அவர் நிலையில் இருந்தால் இரண்டு நாள் கழித்துத்தான் செய்திருப்பேன்.

பிப்ரவரி 3, திங்கள்

எட்டாம் பாகம். கழுத்தில் சுளுக்கு. தைலம் தேய்த்துக்கொண்டு ராணி வேலை பார்க்கிறேன். ஸ்டுடியோ முழுவதும் தைல வாசனை. கன்னக்குழிக்குப் பேசும் தம்பி காதல் வசனம் சொல்லும்போது தும்மிவிட்டான்.

ஜோயல் ஒரு சந்தேகம் கேட்டான். ஸ்டுடியோவில் காவலாளி முதல் கவிஞர் வரை எல்லோரையும் அண்ணே என்கிறீர்களே, தணிகாசலத்தை மட்டும் ஏன் சார் என்கிறீர்கள் என்று. அவர் உயரம், அதனால் என்றேன். உயரத்துக்கும் அதற்கும் என்ன என்று கேட்டான். முறுக்கு வேண்டுமா என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டான்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று பெரியராணியைக் கூட இருந்த சூழ்ச்சிக்காரர்கள் கைவிட்டுவிட்டார்கள். அரண்மனையே காலி. பானைத்தொப்பி மட்டும் நிற்கிறான். இந்தக் காட்சியை மட்டும் இரண்டு பேரையும் ஒன்றாக நிற்கவைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று மேடம் சொன்னார். பானைத்தொப்பியின் வசனம் இதுதான்: "உயிர் உள்ளவரை தங்கள் அருகிலேயே இருப்பேன், மகாராணி."

தணிகாசலம் சார் எந்த வசனத்துக்கும் இரண்டாவது டேக்குக்கு மேல் போனவர் இல்லை. இதற்கு ஏழு போனார். ஒரு தடவை மகாராணி என்பதற்குப் பதில் வேறு பெயர் வந்துவிட்டது. என்ன பெயர் என்று இங்கே எழுதத் தேவையில்லை. அவருக்கு ஜலதோஷம் என்று நினைக்கிறேன்.

ஏழாவது டேக்கில் அவர் குரல் இறங்கவில்லை. வணக்கமும் வைக்கவில்லை. நேராக வந்து நின்றது. மேடம் அதைத்தான் எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

சார் திருத்தணி போய்விட்டு மொட்டையோடு வந்தார். பானைத்தொப்பி இப்போது கச்சிதமாகப் பொருந்தும் என்றேன். என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு விபூதியை நீட்டினார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நாளை கடைசிப் பாகம். அதில் ஒரு முட்டுக்கட்டை. செத்துப்போன பழைய அரசன் எழுதி வைத்த ஓலையைப் பெரியராணி சபையில் உரக்க வாசிக்கிறாள். "அரசன் மணப்பவளின் குலத்தை ஒருவரும் கேட்கலாகாது" என்று முடியும் ஒன்பது வரி. இதே ஓலையை இரண்டாம் பாகத்தில் பழைய அரசன் தன் குரலில் சொல்லியாகிவிட்டது. அதனால் ஒரு சொல் மாறக்கூடாது. என் பேரம் செல்லாது.

மும்பையிலிருந்து அந்தத் தயாரிப்பு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும் அம்மாவே நாளை நேரில் வருகிறார். இதைப் பார்த்துவிட்டுத்தான் மொத்தத் தொடருக்கும் சரி சொல்வாராம். கடைசிப் பாகம் சரியில்லை என்றால் பெரியராணியை முதலிலிருந்து வேறொருவரை வைத்துப் பேசவைக்கவும் தயங்கமாட்டார் என்று ஜோயல் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தணிகாசலம் சார் தயங்கித் தயங்கி, ஒன்பது வரிதானே, வாசித்துத் தரவா என்றார்.

"வேணாம் சார். இத நானே வாசிக்கறேன்."

ஒன்பது வரியையும் இதயவேந்தன் அண்ணனிடம் பெரிய எழுத்தில் தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வந்திருக்கிறேன். மத்தியானத்திலிருந்து வாசிக்கிறேன். "கேட்கலாகாது" மட்டும் கல் மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 19, புதன்

திரையில் ஓடும் வரிகளை ஜோயல் அணைத்துவிட்டான். கையில் தாள். தலைமேல் மணல். மும்பை அம்மா கண்ணாடிக்குப் பின்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மணல் பையை ஏற்றியதும் காலை இறக்கினார்.

பெரியராணி ஓலையைப் பிரித்தாள். நானும் தாளைப் பிரித்தேன்.

ஒரு விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை. நேற்றிலிருந்து அந்தக் காட்சியைப் பார்க்காமல் வரிகளை மட்டும் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் அவளுக்கும் வாசிப்பு ஓடவில்லை. அது செத்துப்போன புருஷனின் கையெழுத்து. ஒரு சொல்லில் நிற்கிறாள். மூச்சு விடுகிறாள். அடுத்த சொல்லைத் தொட யோசிக்கிறாள். நான் எழுத்துக்கூட்டிய இடத்தில் அவளும் நின்றாள். நான் தடுமாறிய இடத்தில் அவள் கண் நிறைந்தது. ஒன்பது வரியையும் இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தோம். ஒருத்தி கொரியாவில், ஒருத்தி சாலிகிராமத்தில்.

"கேட்கலாகாது" வந்தது. மூன்று மூச்சில் வந்தது. அவளும் மூன்று மூச்சில்தான் முடித்தாள்.

முதல் டேக். அதுதான் கடைசி டேக்கும்.

மும்பை அம்மா உள்ளே வந்தார். தமிழ் தெரியாதாம். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் அழுதுவிட்டேன் என்று மேடத்திடம் ஆங்கிலத்தில் சொன்னாராம். என்னைக் கட்டிப்பிடிக்க வந்தார், மணல் பை இடித்தது. பிறகு அந்தப் பையைத் தானும் ஒரு தடவை தலையில் வைத்துப் பார்த்து, இரண்டு நொடியில் கீழே போட்டுவிட்டார். மொத்தத் தொடருக்கும் சரி. அடுத்து வரும் அரண்மனைத் தொடருக்கும் என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். அதில் பெரியராணி கிடையாது, பெண் தளபதி ஒருத்தி வருகிறாளாம். குதிரையில்.

குதிரைக்கு எதைத் தலையில் வைப்பது என்று ஜோயல் கேட்டான். உன்னை என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

தொடர் வெளியாகிவிட்டது. ஸ்டுடியோவில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். முடிந்ததும் பெயர்கள் மேலே ஓட ஆரம்பித்தன. ஜோயல் சரியான இடத்தில் நிறுத்தினான்.

பெரியராணி - பொற்கொடி.

நானே வாசித்தேன். உரக்க. எல்லோரும் கை தட்டினார்கள். கொஞ்சம் கீழே "ஏவலாள் - தணிகாசலம்" என்றிருந்தது. நடுவில் நாலு வரி இடைவெளி. அவர் அதை எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

தணிகாசலம் சாரின் அக்கா காஞ்சிபுரத்தில் இருக்கிறார். என்னைப் பார்க்க வேண்டும் என்றாராம். எதற்கென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பச்சைப் புடவை கட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினேன், வெயிலுக்கு நல்லது.

பஸ்ஸில் நல்ல கூட்டம், நானும் சாரும் ஒரு சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். பூந்தமல்லியில் நிறைமாதப் பெண் ஒருத்தி ஏறினாள். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஒருவர் ஓரத்தில் பெரிய பையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கண்டக்டர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்று அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

நான் கழுத்தை நிமிர்த்தினேன். மணல் தேவைப்படவில்லை.

"பையை எடு."

அவர் யார் சொன்னது என்று பார்ப்பதற்கு முன்பே பை அவர் மடிக்குப் போய்விட்டது. பிறகுதான் திரும்பிப் பார்த்தார். கண்டக்டரும் ஒரு அடி பின்வாங்கி விசிலைக் கையில் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பின் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். இவ்வளவு நேரமும் ஒரே ஃபோனில் ஆளுக்கொரு காதாக எதையோ பார்த்துக்கொண்டு வந்தவர்கள். ஒருத்தி காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, முன்னால் எட்டிப் பார்த்து என் முகத்தைத் தேடினாள். அவளுக்குத் தெரிந்த முகம் இல்லை. குரல்தான் தெரிந்தது.

"ஆன்ட்டி," என்றாள் மெதுவாக, "நீங்க... பெரியராணியா?"

கூட்டத்தில் நின்று பதினெட்டு வருடம் கத்தியிருக்கிறேன். ஒருவரும் திரும்பி இப்படிக் கேட்டதில்லை. என்னிடம் எப்போதும் ஒரு கேலி தயாராக இருக்கும். இன்று அதை எடுக்கவில்லை.

"ஆமா" என்றேன்.

தணிகாசலம் சார் எனக்கு இடம்விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். கூட்டத்தில் அவ்வளவு இடம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.